செட்டிநாட்டுச் சிமெண்ட் தளத்திலிருந்து தொழில்முறைப் பாயிண்ட் கார்டு ஆவது எப்படி?

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடினாலும், பந்தைத் தன் பாதியிலிருந்து எதிரணியின் பாதிக்குக் கொண்டுசெல்வதும், எந்த ஆட்டமுறையில் இறங்குவது என்று குரல் கொடுப்பதும், யாருடைய கைக்கு எந்தக் கணத்தில் பந்து போக வேண்டும் என்று தீர்மானிப்பதும் பாயிண்ட் கார்டின் வேலை. மற்ற நால்வரும் எளிதாகப் புள்ளி எடுக்கும்படி செய்பவரே நல்ல பாயிண்ட் கார்டு. இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால், எதைப் பழக வேண்டும், எந்தத் தேர்வுக்கு எப்படிப் போக வேண்டும், எத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் நிலைக்க முடியும் என்பவையெல்லாம் அதிலிருந்தே விளங்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் போன்ற ஊர்களில் பள்ளிக்கூடத்துத் தளத்தில் ஆடத் தொடங்கி, இதையே பிழைப்பாகக் கொள்ளலாமா என்று யோசிக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் எண்ணியே இதை எழுதுகிறேன்.

உயரம் போதாது என்ற கவலையை முதலில் பேசிவிடலாம். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் மக்ஸி போக்ஸ் என்பவர் 160 செ.மீ. உயரத்தோடு 1987 முதல் 2001 வரை பாயிண்ட் கார்டாக ஆடினார். அதே இடத்தில் ஆடிய மேஜிக் ஜான்சனின் உயரம் 206 செ.மீ. அந்த லீக்கில் மிக அதிகமான அசிஸ்ட்டுகளை, அதாவது சக வீரர் உடனே கூடை போடும்படி கொடுத்த பாஸ்களை, 15,806 வரை குவித்த ஜான் ஸ்டாக்டன் 185 செ.மீ. உயரம் உள்ளவர்தான். உயரம் இருந்தால் நல்லது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கூடைப்பந்தின் ஐந்து இடங்களில் உயரக் குறைவை ஈடுகட்ட அதிக வாய்ப்புள்ள இடம் இதுவே. அந்த ஈடு முழுவதும் கை, கண், குரல், முடிவெடுக்கும் வேகம் ஆகியவற்றிலிருந்து வர வேண்டும்.

கையும் கண்ணும்

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது எல்லாருக்கும் வரும். பந்தைப் பார்க்காமல் தட்டுவதுதான் பயிற்சி. ஒரு நண்பரை எதிரே நிறுத்தி, நீங்கள் இரண்டு கைகளாலும் மாறி மாறித் தட்டும்போது அவர் விரல்களை உயர்த்திக் காட்ட, எத்தனை விரல் என்று உடனுக்குடன் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். இது எளிதான பிறகு, அவர் உங்களை நோக்கி நெருங்கி வந்து பந்தைப் பறிக்க முயலட்டும். நீங்கள் இரண்டு தட்டில் பின்வாங்கி, உடலைப் பந்துக்கும் அவருக்கும் நடுவே கொடுத்து, மீண்டும் விரல் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். கனடாவில் வளர்ந்து 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் என்பிஏவின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்ற ஸ்டீவ் நாஷ், கல்லூரி நாட்களில் டென்னிஸ் பந்தைத் தட்டிக்கொண்டே வளாகத்தில் நடந்து போவாராம். செலவில்லாத இந்தப் பயிற்சி நம்மூர்த் தெருக்களுக்கும் பொருந்தும். ஆனால் வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பந்தைத் தட்ட வேண்டாம். அந்தக் கல் பெயர்ந்தாலும் கீறினாலும் அதே பழைய கல்லைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

இடக்கையைப் பற்றி எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள்; ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் இடக்கையால் தட்டப் பழகுகிறார்களே தவிர, இடக்கையால் பாஸ் கொடுக்கப் பழகுவதில்லை. தட்டிக்கொண்டிருக்கும் கையிலிருந்தே, பந்தை இரண்டு கைகளாலும் பிடிக்காமல், ஒற்றைக் கையால் பக்கவாட்டில் நிற்பவருக்கு அனுப்பக் கற்றுக்கொண்டால் உங்களைக் காப்பவருக்கு அரை நொடி பறிபோகிறது. அந்த அரை நொடியில்தான் சக வீரர் ஆளில்லாமல் நின்று எறிகிறார். பாஸ் போய்ச் சேரும் இடமும் முக்கியம்: எறியும் கைப்பக்கம், மார்பு உயரத்தில், அவர் குனியவோ எட்டிப் பிடிக்கவோ தேவையில்லாமல் பந்து வந்து சேர வேண்டும். சுவரில் சுண்ணாம்பால் ஒரு சிறு கட்டம் வரைந்து, ஓடிக்கொண்டே இரண்டு கைகளாலும் தனித்தனியாக அந்தக் கட்டத்தை அடிக்கப் பழகுவது இதற்குப் போதுமான பயிற்சி.

பந்து எறிவதை ஒதுக்கிவிடவும் கூடாது. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர் தூரத்தில் உள்ளது (என்பிஏவில் 7.24 மீட்டர்). அந்தத் தூரத்திலிருந்து உங்களால் போட முடியாது என்று எதிரணிக்குத் தெரிந்துவிட்டால் உங்கள் காவலர், அதாவது உங்களைத் தடுக்க நிற்கும் எதிரணி வீரர், இரண்டு மீட்டர் தள்ளி நின்று எல்லாப் பாஸ்களையும் மறிப்பார். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்வது பெரும்பாலும் பந்தை வைத்திருப்பவரைத்தான் என்பதால், ஃபிரீ த்ரோவில், அதாவது ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதலில், பிழை செய்யாதவரிடமே பயிற்சியாளர் பந்தை ஒப்படைப்பார். நாஷின் வாழ்நாள் ஃபிரீ த்ரோ விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். களைப்பில்லாத நேரத்தில் நின்று போடும் ஃபிரீ த்ரோ பெரிதாக உதவாது. தளத்தின் நீளத்தை நான்கு முறை ஓடிவிட்டு, மூச்சு இரைக்கும்போதே இரண்டு போட்டு, மறுபடியும் ஓடுங்கள்.

ஸ்கிரீனைப் படிப்பது

இன்றைய கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டுக்குச் சம்பளம் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆட்டமுறைக்காக என்று சொன்னால் மிகையாகாது: பிக் அண்ட் ரோல். உங்கள் அணியின் உயரமான வீரர் வந்து உங்கள் காவலரின் வழியை மறித்து நிற்கிறார்; இந்த மறிப்புக்குத்தான் ஸ்கிரீன் என்று பெயர். நீங்கள் அவருடைய தோளை உரசிக்கொண்டு போகிறீர்கள். அவர் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். பார்ப்பதற்கு இவ்வளவுதான்.

இதற்குள் நீங்கள் படிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, உங்கள் காவலர் அந்த மறிப்புக்கு மேலாக (உங்களை ஒட்டியே) வருகிறாரா, கீழாக (மறித்து நிற்பவருக்குப் பின்னே, கூடைப் பக்கமாக) சுற்றிப் போகிறாரா என்பது. கீழாகப் போனால் உங்களுக்கு முன்னே ஆளில்லை. அங்கேயே நின்று எறியலாம். மேலாகத் துரத்தி வந்தால் அவர் உங்கள் முதுகுக்குப் பின்னே இருக்கிறார்; அவசரப்படாமல், வேகத்தைக் குறைத்து, அவரை முதுகிலேயே சுமந்தபடி இரண்டு தட்டுத் தட்டினால் எதிரே ஒரே ஒரு காவலருக்கு எதிராக நீங்கள் இருவர் ஆகிறீர்கள். இரண்டாவது, மறித்து நின்றவரைக் காக்கும் அந்த உயரமான எதிராளியின் கால்கள். அவர் கூடைக்கு அருகே பின்வாங்கியிருந்தால் ஃபிரீ த்ரோ கோட்டின் அருகே உங்களுக்கு இடம் இருக்கிறது. உங்களை நோக்கி முன்னே வந்துவிட்டால் அவருக்குப் பின்னே உங்கள் ஆள் தனியாக ஓடுகிறார், அவருக்குத் தரையில் ஒருமுறை பட்டு எழும் பாஸைக் காவலரின் இடுப்புக்கும் நீட்டிய கைக்கும் இடையிலான சந்தில் நுழைக்க வேண்டும். மூன்றாவது, எதிர் மூலையில் நிற்கும் காவலர். அவர் உங்கள் ஆளைத் தடுக்க நடுவே ஓடிவந்தால், மூலையில் விடப்பட்ட உங்கள் வீரருக்குப் பந்து நேராகப் பறக்க வேண்டும். இந்த மூன்றாவது காவலரைக் கவனிக்கிற பிள்ளையை எந்தப் பயிற்சியாளரும் உடனே கண்டுகொள்வார், ஏனென்றால் பள்ளி அளவில் ஏறக்குறைய எவரும் அவ்வளவு தூரம் பார்ப்பதில்லை.

இதைப் பழகப் பத்துப் பேர் வேண்டியதில்லை. ஆறு பேர் போதும். நம் ஊர்களில் மாலை நேரத்தில் பத்துப் பேரைத் திரட்டுவதே கடினம் என்பதால் 3x3 ஆட்டத்தை நான் மிகவும் பரிந்துரைப்பேன். பாதித் தளம், ஓர் அணிக்கு மூன்று பேரும் ஒரு மாற்று வீரரும், 10 நிமிட ஆட்டம் அல்லது 21 புள்ளிகள் என்பது அதன் கணக்கு. பந்து கைக்கு வந்து 12 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் விரைந்து முடிவெடுக்க வேண்டியிருக்கும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட இந்த ஆட்டத்துக்கு இன்று தனிப் போட்டிகளும் நடக்கின்றன.

கடிகாரமும் குரலும்

முழு ஆட்டத்தில் பந்தை 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்ல வேண்டும்; 24 நொடிக்குள் எறிய வேண்டும்; எறிந்த பந்து வளையத்தில் பட்டு உங்கள் அணிக்கே திரும்பினால் 14 நொடி கிடைக்கும். இவற்றை விதியாக மட்டும் தெரிந்து வைத்திருப்பவர் பலர். ஆட்டத்தில் பயன்படுத்துபவர் சிலர். ஒரு கால் பகுதி முடிய 38 நொடி இருக்கும்போது பந்து உங்களிடம் வந்தால், 32ஆம் நொடியிலேயே ஒரு நல்ல எறிதலை உருவாக்கிவிடுங்கள். எதிரணி தன் 24 நொடியை முழுதாகச் செலவழித்தாலும் கடைசியில் ஏழு நொடி அளவுக்கு உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். நான்கு கால் பகுதிகளில் இதை ஒழுங்காகச் செய்தால் எதிரணிக்குக் கிடைக்காத நான்கு வாய்ப்புகள் உங்கள் அணிக்குக் கிடைக்கின்றன.

குரலைப் பற்றிச் சொல்லும்போது மாவட்டத் தேர்வு ஒன்றில் பார்த்ததைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. தேர்வில் ஒருவரை ஒருவர் அறியாத பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஆடவிடுவார்கள். எல்லாரும் தம் திறமையைக் காட்டத் துடிப்பதால் பந்து ஒருவர் கையை விட்டு நகராது. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தன் அணியில் விடப்பட்ட நால்வரிடமும் போய்ப் பெயரையும் எந்த இடத்தில் ஆடுவார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டாள். விசில் ஊதியதிலிருந்து அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, நிற்க வேண்டிய இடத்தைக் கைகாட்டி, பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவளே போட்ட கூடைகள் மிகக் குறைவு. தேர்வாளர்களின் தாளில் முதலில் ஏறிய பெயர் அவளுடையது. எந்தத் தேர்வுக்குப் போனாலும் இதைச் செய்யுங்கள். இதைவிடப் பயனுள்ள அறிவுரை என்னிடம் இல்லை.

ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு நோட்டில் வரவு செலவு எழுதும் பழக்கமும் வேண்டும். கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, வெளியே போன இடத்திலிருந்து நம் முன்னோர் ஐந்தொகை என்னும் கணக்கை எழுதி ஊருக்கு அனுப்பியதைப் போல, உங்கள் பாஸில் விழுந்த கூடைகளை ஒரு பக்கமும், நீங்கள் இழந்த பந்துகளை மறுபக்கமும், ஒவ்வோர் இழப்புக்கும் எதிரே அதன் காரணத்தையும் எழுதுங்கள். ஓர் இழப்புக்கு இரண்டு அசிஸ்ட் என்பது ஏற்கத்தக்க கணக்கு. மூன்று என்றால் மிக நன்று. காரணங்களின் பக்கத்தைச் சில மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அடுத்த மாதப் பயிற்சி அதுதான்.

தளம், வெயில், உடம்பு

நம் பள்ளித் தளங்கள் பெரும்பாலும் சிமெண்ட். அதில் ரப்பர் பந்துதான் தாங்கும். உள்ளரங்கத்துக்கு உரிய செயற்கைத் தோல் பந்தைச் சிமெண்டில் ஆடினால் மேற்புறச் சொரசொரப்பு விரைவில் தேய்ந்து கையில் வழுக்கும். ஆண்களுக்கு 7ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6ஆம் எண். காலணியின் அடியும் சிமெண்டில் சீக்கிரம் தேயும் என்பதால் பயிற்சிக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது ஆடம்பரம் ஆகாது. சென்னையில் மரத்தளத்தில் தேர்வு என்றால், அன்று விடியலில் பல்லவன் ரயிலில் ஏறிப் போய் இறங்கிய வேகத்தில் ஆடுவதைத் தவிர்த்து, முதல் நாளே போய்விடுங்கள். மரத்தளத்தில் பந்து எழும் விதமும் கால் பிடிக்கும் விதமும் வேறு. கொஞ்ச நேரமாவது ஆடிப் பழகிய பிறகே தேர்வில் இறங்குவது நல்லது.

சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஏழரைக்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும். உப்பிட்ட நீராகாரமோ மோரோ பயிற்சிக்கு முன்னும் பின்னும் போதும். விலை உயர்ந்த பானங்கள் தேவையில்லை. கடினமான தளத்தில் ஓயாமல் குதிப்பது முழங்கால் தசைநாணையும் முன்கால் எலும்பையும் வருத்தும். எனவே குதிக்கும் பயிற்சியைப் புல்தரையிலோ மண்தரையிலோ வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாளாவது கால்களுக்கு முழு ஓய்வு கொடுங்கள். கணுக்கால் பிசகினால் எண்ணெய் தடவி உருவிவிட்டு மறுநாளே ஆடும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அரைகுறையாக ஆறிய கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகும். ஸ்டாக்டன் தம் 19 சீசன்களில் தவறவிட்ட ஆட்டங்கள் 22 மட்டுமே. 41 வயதில் அவர் ஓய்வு பெறும்போது அந்த எண்ணிக்கை அசிஸ்ட் கணக்குக்கு நிகராகப் பேசப்பட்டது. கிறிஸ் பால் 39 வயதில், 2024-25 சீசனின் 82 ஆட்டங்களிலும் ஆடினார். வேகம் குறைந்த பிறகும் முடிவெடுக்கும் திறன் நின்று சோறு போடும் இடம் இது. ஆனால் உடம்பைக் காத்தவருக்கே அந்தக் காலம் வாய்க்கும்.

பள்ளியிலிருந்து சம்பளம் வரை

இனி, பிழைப்பு. பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகள் ஒரு வழி. மாவட்ட, மாநிலக் கூடைப்பந்துக் கழகங்களின் வயதுப் பிரிவுப் போட்டிகள் இன்னொரு வழி. இரண்டிலும் காலூன்ற வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் கூடைப்பந்து உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் இடம் கிடைத்தால் தங்குமிடம், உணவு, பயிற்சி, படிப்பு எல்லாம் ஒன்றாக அமையும். அதற்கான தேர்வு அறிவிப்பைக் கோடை விடுமுறையை ஒட்டி உங்கள் பி.இ.டி. ஆசிரியரிடமும் சிவகங்கை மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் விசாரித்துக்கொண்டே இருங்கள். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்க்காரர்கள் புதுக்கோட்டையில் விசாரிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், விளையாட்டுப் பிரிவில் சேர்த்துக்கொண்டு வலுவான அணியை நடத்தும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடுவது பிற்பாடு வேலைக்கு உதவும் தகுதி.

வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இந்தியாவில் கூடைப்பந்து வீரரின் நிலையான வருமானம் லீக்கிலிருந்து வருவதில்லை, வேலையிலிருந்து வருகிறது. ரயில்வே, முப்படைகள், காவல்துறை, வருமான வரித் துறை, ஓஎன்ஜிசி, சில வங்கிகள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்து அணி நடத்துகின்றன. இவற்றுள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் அணி நாடறிந்தது. நம் செட்டிநாட்டைச் சேர்ந்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் அந்த வங்கியைத் தொடங்கியபோது, சென்னை, ரங்கூன் ஆகியவற்றோடு காரைக்குடியிலும் அதே நாளில் கிளை திறந்தார். நம் ஊரில் பிறந்த வங்கியின் சட்டையை நம் பிள்ளை ஒருவர் அணிந்து ஆட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. தமிழ்நாடு அரசுத் துறைகளிலும் சாதனை படைத்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

இந்த வேலைகளுக்கு ஆட்டத் திறமை அளவுக்குச் சான்றிதழும் முக்கியம். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு நான்கு படிவங்கள் உள்ளன: நாட்டுக்காக ஆடியிருந்தால் தேசியச் சம்மேளனத்திடமிருந்தும், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் மாநிலக் கழகத்திடமிருந்தும், பல்கலைக்கழகத்துக்காக ஆடியிருந்தால் அதன் விளையாட்டு இயக்குநரிடமிருந்தும், தேசியப் பள்ளிப் போட்டியில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியிருந்தால் கல்வித் துறையிடமிருந்தும் அவற்றைப் பெற வேண்டும். போட்டி நடந்த ஆண்டிலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பத்தாண்டு கழித்துப் பொறுப்பாளர் மாறிய பிறகு அலைவது மிகுந்த துன்பம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைப் பெற்றோர் ஆறாம் வகுப்பிலேயே சரிபார்ப்பது நல்லது. வயதுப் பிரிவுப் போட்டிகளில் நல்ல ஆட்டக்காரர்கள் தேதிக் குழப்பத்தால் வெளியே நிற்பது உண்டு.

லீக்குகளும் வந்துகொண்டிருக்கின்றன. 2015இல் தொடங்கிய யுபிஏ லீக் 2017க்குப் பிறகு நடக்கவில்லை. 2022இல் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் ஆதரவோடு ஐஎன்பிஎல் தொடங்கியது, சென்னை ஹீட் அணி அதன் முதல் சீசனில் ஆடியது. ஒப்பந்தம் வந்தால் மகிழ்ச்சியோடு ஆடுங்கள். ஆனால் அதை நம்பி வேலைத் தேர்வைத் தள்ளிப்போட வேண்டாம். கையெழுத்திடும் முன் சம்பளம் எந்தத் தேதியில் வரும், காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, வேலை பார்க்கும் துறையின் அனுமதிக் கடிதம் தேவையா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டுக் கனவு தவறன்று. வாரணாசியில் பிறந்த விஷேஷ் பிருகுவன்ஷி 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் 36ers அணியில் ஒப்பந்தமானார். 2020இல் அர்ஜுனா விருதும் பெற்றார். 2015இல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்த சத்னாம் சிங்குக்கு என்பிஏவின் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கும் வாய்ப்புக் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குச் சென்னையின் அனிதா பால்துரையின் வாழ்க்கை ஒரு நல்ல வரைபடம்: தெற்கு ரயில்வேயில் வேலை, இந்திய அணியின் தலைமை, தொடர்ந்து ஒன்பது ஆசியக் கோப்பைப் போட்டிகள், 2021இல் பத்மஸ்ரீ. வேலையும் ஆட்டமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க முடியும் என்பதற்கு அவரைவிட நெருக்கமான சான்று நமக்கு இல்லை.

ஆட்டத்தை விடும் வயது வருவதற்குள் அடுத்த வேலைக்கான தகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சியும் ஓராண்டுப் பட்டயமும் நடத்துகிறது; துறை அணியில் ஆடிக்கொண்டே விடுப்பு எடுத்து முதலாவதை முடித்துவிட முடியும். உடற்கல்விப் பட்டம் வேண்டுவோருக்குக் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. நடுவர் தேர்வை எழுத ஆடும் காலத்திலேயே தொடங்கலாம். விதிப்புத்தகத்தை வரிக்கு வரி படித்த பாயிண்ட் கார்டு, தேர்வில் தேறும் முன்பே தன் அணிக்கு ஓரிரு ஆட்டங்களை வென்று கொடுத்திருப்பார்.